இருபத்து நாலு முடிச்சு

கடன் நாற்பத்தெட்டாயிரம். செம்புக் கம்பிக் கடை முதலாளிக்குக் கொடுக்க வேண்டியது. தவணைக்கு வாங்கிய கம்பி, சீட்டில் இரண்டு பேர் கையெழுத்து. அந்த இரண்டு பேரில் ஒருவன் அத்தனை கம்பியையும் அள்ளிக்கொண்டு ஒரே இரவில் ஊரை விட்டுப் போய்விட்டான். கம்பியோடு கம்பி நீட்டிவிட்டான் என்று தெருவே சிரித்தது. மற்றவருக்கு ஓடத் தெரியாது. அவர்தான் காயில்காரர்.

மோட்டார் எரிந்து போனால் உள்ளே கருகிக் கிடக்கும் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்றி, வரிசை தப்பாமல் இறக்கி, வார்னிஷ் ஊற்றி ஓட விடுவது அவர் தொழில். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் இருந்த சம்பந்தம் முடிந்தது. அதனால் என்ன கெட்டுவிட்டது? பட்டம் வாங்கிய எஞ்சினியர்கள் அவர் பட்டறை வாசலில் செருப்பைக் கழற்றாத குறையாக நின்றிருக்கிறார்கள். "காகிதத்துல கணக்குப் போடுறவன் எஞ்சினியர், காதுல கணக்குப் போடுறவன் நான்" என்பார். வெறும் வாய்ப்பேச்சு இல்லை. ஓடுகிற மோட்டார் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றால் போதும், எந்தக் காயிலில் சுற்று குறைகிறது என்று சொல்லிவிடுவார். அவர் கையால் கட்டிய மோட்டார்கள் இன்றைக்கும் பதினேழு கட்டடங்களில் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருக்கின்றன. நம்பாதவர்கள் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

அவர் பட்டறையில் ஒரே ஒரு சட்டம்தான். சுற்று எண்ணும்போது யாரும் பேசக் கூடாது. யாராவது வாயைத் திறந்து எண்ணிக்கை தவறிவிட்டால் சுற்றியதை எல்லாம் அவிழ்த்து ஒன்றிலிருந்து தொடங்குவார். இடுப்பு வலி கண்ட அன்றைக்கு அதைச் சொல்ல வந்த வீட்டுக்காரி, அவர் நாற்பதில் இருப்பதைப் பார்த்துவிட்டு, நிலையைப் பிடித்துக்கொண்டு அறுபத்தெட்டு வரைக்கும் நின்றாள். அறுபத்தெட்டு ஆனதும்தான் "சொல்லு" என்றார். பிறகுதான் ஆட்டோ தேடி ஓடினார்கள். இந்தக் கதையை அவர் தன் தொழில் பக்திக்கு அத்தாட்சியாக நூறு பேரிடம் சொல்லியிருக்கிறார். நின்றவள் யார் என்பதை அவ்வளவாக யோசித்ததில்லை.

ஓடிப்போனவன் பெயர் இடக்கை. எல்லா வேலையும் இடது கையால் செய்வதால் வந்த பெயர். இருவரும் பத்து வயதில் ஒரே பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர்கள். இடக்கைக்கு அப்பா அம்மா கிடையாது. காயில்காரரின் அம்மாதான் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே துணியில் மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பாள். முடிச்சுப் போட்டதும் துணியின் வாலை உள்ளே செருகிவிடுவாள். வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அவளுக்கு வேலை முடிந்த மாதிரியே இருக்காது.

இடக்கையின் முடிச்சு வேறு. சுற்றி முடித்த காயில் பிரிந்து போகாமல் பருத்தி நாடாவால் கட்டுவார்கள் அல்லவா, மற்றவர்கள் கட்டினால் முறுக்கு வலது பக்கம் போகும். அவன் கட்டினால் இடது பக்கம் போகும். ஆயிரம் காயிலைக் கலந்து போட்டாலும் அவன் கட்டியதைக் கண்ணை மூடித் தடவியே எடுத்துவிடலாம்.

இருபத்தெட்டு வயதில் இருவரும் சேர்ந்து சொந்தப் பட்டறை போட்டார்கள். 'பிரதர்ஸ் மோட்டார் ஒர்க்ஸ்' என்று பலகை. "கூடப் பிறந்தவன் இப்படி இருப்பானா?" என்று காயில்காரர் போகிறவன் வருகிறவனை எல்லாம் நிறுத்திக் கேட்பார். கையில் காசு இல்லாத அந்த முதல் வருடத்தில் வீட்டுக்காரிக்கும் காயில் சுற்றக் கற்றுக் கொடுத்தார். சமையல் முடிந்ததும் அவள் வீட்டுக்குள் உட்கார்ந்து ஃபேன் காயில் சுற்றுவாள். இரண்டு ஆள் வைத்துக்கொள்ளும் அளவுக்கு வருமானம் வந்ததும், "என் பொண்டாட்டி கம்பி பிடிச்சுதான் நான் சாப்பிடணுமா? போதும்" என்று நிறுத்திவிட்டார். மிச்சமிருந்த காயில் தாளும் நாடாவும் பரணுக்குப் போயின.

பிறகுதான் அந்தத் திங்கட்கிழமை. ஷட்டரைத் தூக்கினால் உள்ளே கம்பி இல்லை, சுற்றும் மெஷின் இல்லை, மின்கசிவு பார்க்கும் மெகர் இல்லை. ஆணியில் இடக்கையின் அழுக்குச் சட்டை மட்டும் தொங்கியது. அவசரத்தில் மறந்துவிட்டான் போல. காயில்காரர் அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்தார்.

நாற்பத்தொரு நாள் படுத்திருந்தார். கடனுக்காகப் படுத்தார் என்று தெரு நினைத்தது. கடன் என்ன பெரிய கடன்! கை இருக்கிறது, காது இருக்கிறது, ஐந்து வருடத்தில் அடைத்துவிடலாம். அவரைப் படுக்கையில் போட்டது ஒற்றைச் சொல். "அவனா?" தூக்கத்தில் புரளும்போதும் அதுதான். அவனா?

அம்மா வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். "நான் எங்கயாவது வேலைக்குப் போறேன்பா. இவளும் வீட்டுல இருந்தே சுத்துறேங்கிறா. மூணு பேரும் சேர்ந்தா அடைஞ்சுடும்."

"பொம்பளைங்க சம்பாதிச்சு என் கடன் அடையணும்னா, அதுக்கு முன்னாடி நான் இந்த வீட்டை விட்டுக் கிளம்பிடுவேன்" என்றார் சுவரைப் பார்த்தபடியே. "அவன் போன வழி எனக்கும் தெரியும்."

அதற்குப் பிறகு இரண்டு பெண்களும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நாற்பத்திரண்டாம் நாள் காலையில் கதவுக்கு அடியில் ஒரு பொட்டலம் கிடந்தது. காயிலுக்கு அடியில் வைக்கும் பழுப்புத் தாளில் சுற்றி, பருத்தி நாடாவால் கட்டியிருந்தது. உள்ளே ஆயிரம். கடிதம் எதுவும் இல்லை. வீட்டுக்காரி கொண்டுவந்து கட்டிலில் வைத்தாள். காயில்காரர் அரைக் கண்ணால் பார்த்தார். பிறகு முழுக் கண்ணால் பார்த்தார். எழுந்து உட்கார்ந்தார்.

"அம்மா! இங்க வா! இந்த முடிச்சைப் பாரு!"

அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள். "முடிச்சு முடிச்சா இருக்கு. எனக்கு என்னப்பா தெரியும்?"

"முறுக்கு எந்தப் பக்கம் போகுது பாரு. இடது பக்கம்! உலகத்துலயே ஒருத்தன்தான் இப்படிக் கட்டுவான். அவன் பாதியை அவன் அனுப்புறான்மா. என்னமோ நெருக்கடி, சொல்ல முடியாம போயிட்டான். ஆனா என்னை விடல பாத்தியா!"

"அப்படியா" என்றாள் அம்மா. "நல்ல பையன்தான்."

அன்றைக்கே சவரம் செய்துகொண்டு, குளித்து, சட்டை மாற்றி, ஷட்டரைத் தூக்கினார். கடன் வாங்கி ஒரு பழைய மெஷின் போட்டார். மாதா மாதம் முதல் வாரத்தில் பொட்டலம் வந்தது. தவறாமல் ஆயிரம். இருபத்து நாலு மாதம், இருபத்து நாலு பொட்டலம். அவர் பாதியை அவர் சம்பாதித்தார். இரண்டாம் வருடக் கடைசியில் கம்பிக் கடை முதலாளி சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தபோது, "உன் கூட்டாளி மாதிரி எனக்கு ஒருத்தன் கிடைக்க மாட்டேங்கிறானே" என்றார். காயில்காரருக்கு அன்றைக்கு நெஞ்சு சட்டைக்குள் அடங்கவில்லை.

நாடாக்களை அவர் அவிழ்க்கவில்லை. தாளை மட்டும் பக்கவாட்டில் உருவி எடுத்துவிட்டு, முடிச்சு கலையாமல் ஒரு செம்புக் கம்பியில் கோத்து, பட்டறைச் சுவரில் தன் தலைக்கு மேலே மாட்டினார். வாடிக்கையாளருக்கு மோட்டாரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அந்த முடிச்சுகளைப் பற்றித்தான் சொல்வார்.

அந்த இரண்டு வருடத்தில் வீட்டில் நடந்தவையும் உண்டு. அம்மா விடிகாலையில் எழுந்து வெளியே போவாள். மூட்டு வலிக்கு நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர் என்றாள். வீட்டுக்காரியின் விரல் நுனியெல்லாம் கீறலாக இருக்கும். பாத்திரம் தேய்த்தது என்றாள். இரண்டையும் அவர் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

பக்கத்துத் தெருவில் ஒரு போட்டிப் பட்டறை. நூறு சுற்று போட வேண்டிய இடத்தில் எண்பது போட்டுக் கம்பியை மிச்சம் பிடிக்கிறவன் என்பதால் அவனுக்குக் காயில்காரர் வைத்த பெயர் எண்பது. அந்த எண்பது கட்டிய ஃபேன் ஒன்று ஒரு நாள் வேறு ஏதோ பழுதுக்காக இவரிடம் வந்தது. திறந்து பார்த்தவர் அசந்துபோனார். அன்று இரவு சாப்பிடும்போதும் அதே பேச்சு.

"எண்பதுக்கு எங்கிருந்தோ ஒரு தொழிலாளி கிடைச்சிருக்கான். என்ன கைடா அது! கம்பி மேல கம்பி ஏறல. சுத்து ஒண்ணு குறையல. எவ்வளவு கொடுத்தாவது அவனை நம்ம பக்கம் இழுத்துடணும்."

"அவ்வளவு நல்லாவா இருக்கு?" என்றாள் வீட்டுக்காரி.

"உனக்கு என்ன தெரியும் அதைப் பத்தி."

அவள் அவர் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி போட்டாள். அவர் கேட்கவில்லை, ஏன் போட்டாள் என்றும் கேட்கவில்லை.

வருடங்கள் ஓடின. ஒரு பட்டறை இரண்டானது. ஆறு ஆட்கள், சொந்த வீடு, மகளுக்கு நல்ல இடம். யார் தயவும் இல்லாமல் முன்னுக்கு வந்தவன் என்று அவர் மார்தட்டாத நாள் இல்லை. தயவு என்று ஒன்று உண்டென்றால் அது சுவரில் தொங்குகிறது என்பார். அதுகூடப் பரவாயில்லை. வீட்டில் ஏதாவது வாக்குவாதம் வந்தால் ஒரு ஆயுதம் வைத்திருந்தார். "கூடவே இருந்து நீங்க ரெண்டு பேரும் என்ன செஞ்சீங்க? ஓடிப்போனவன் செஞ்சான்!" அதைக் கேட்டால் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். வீட்டுக்காரி தலையைக் குனிந்துகொள்வாள். தான் ஜெயித்துவிட்டதாக அவர் நினைத்துக்கொள்வார்.

அம்மா ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது அவரைக் கிட்டக் கூப்பிட்டாள். "அந்த நாடாவெல்லாம் எடுத்துப் போட்டுடுப்பா. தூசி அடையுது."

"நீ வேற. உன்னைவிட ஒரு படி மேல வச்சிருக்கேன் அதை" என்றார்.

அம்மா சிரித்தாள். பல் இல்லாத சிரிப்பு. "சரிப்பா. மேலேயே இருக்கட்டும்."

மறுநாள் போய்விட்டாள். அது நடந்து மூன்று வருடம் ஆகிறது.

இப்போது, கடன் அடைந்து இருபது வருடம் கழித்து, இடக்கை திரும்பி வந்தான். தலைக்குச் சாயம், விரலில் மோதிரம், தோளில் ஒரு பை. எங்கோ ஒரு பம்ப் மெக்கானிக் அவனிடம் சொல்லியிருக்கிறான்: உன் பழைய கூட்டாளி உன்னைத் தலைக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறார் என்று. என்ன ஏது என்று புரியாவிட்டாலும், போனால் அடி விழாது என்பது மட்டும் அவனுக்குப் புரிந்திருக்கிறது.

அடியா! காயில்காரர் அவனைக் கட்டிப்பிடித்து அழுதார். அறுபதை நெருங்கும் மனிதர், ஆறு ஆட்கள் பார்க்க அழுதார். நாலு நாள் தன் வீட்டில் வைத்துச் சாப்பாடு போட்டார். ஐந்தாம் நாள் காலையில் வீட்டுக்காரியிடம் சொன்னார்: "பாதிப் பட்டறையை அவனுக்கு எழுதி வைக்கப்போறேன். பத்திரம் தயார். மதியம் சாப்பாடு கொண்டு வரும்போது சாட்சிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

வீட்டுக்காரி கையிலிருந்த பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். "பாதியா?"

"பாதிக் கடன் அவன்தானே அடைச்சான். பாதி அவனோடதுதான்."

"கொஞ்சம் யோசிச்சுச் செய்யுங்க. அவர் எதுக்கு வந்திருக்கார்னு…"

"உனக்கு எப்பவும் அவன்மேல பொறாமை. அம்மாவுக்கும் அப்படித்தான். நாடாவை எடுத்துப் போடுன்னாங்க, நினைவிருக்கா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். செத்துப்போனவளுக்குக் கொடுத்த வாக்கு ஒன்று குறுக்கே நின்றது.

மதியம் பட்டறையில் மேஜைமேல் பத்திரம் இருந்தது. பக்கத்தில் ஒரு உறை, அதில் இருபத்து நாலாயிரம், ஐந்நூறு தாளாக நாற்பத்தெட்டு. அவன் அனுப்பியதை முதலில் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிறகுதான் பத்திரம் என்பது காயில்காரரின் ஏற்பாடு. எதையும் முறையாகச் செய்கிறவர் அவர். வீட்டுக்காரி சாப்பாட்டு மூட்டையை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு நின்றாள்.

காயில்காரர் ஸ்டூலில் ஏறிச் சுவரிலிருந்த சரத்தை எடுத்துத் துடைத்து மேஜையில் வைத்தார். "பாருடா. ஒண்ணு விடாம வச்சிருக்கேன்."

இடக்கை பார்த்தான். ஒரு நொடி அவன் முகத்தில் எதுவுமே இல்லை. பிறகு சிரித்தான். "அடடே, இதெல்லாம் இன்னும் வச்சிருக்கியா மச்சான்!"

"எப்படிடா கொண்டு வந்து போட்ட? இவ்வளவு வருஷமா இதைத்தான் கேக்கணும்னு இருந்தேன்."

"அது… தெரிஞ்ச லாரிக்காரன் ஒருத்தன். அவன்கிட்ட குடுத்தனுப்புவேன்."

"ரொம்பக் கஷ்டப்பட்டிருப்ப இல்ல?"

"அதை ஏன் கேக்குற. சில மாசம் இருநூறுதான் முடிஞ்சது, சில மாசம் முந்நூறு. ஆனாலும் அனுப்பாம இருந்ததில்ல."

காயில்காரரின் காதில் ஒரு சுற்று குறைந்தது.

ஆயிரம்தான் வந்தது. ஒவ்வொரு மாதமும் ஆயிரம். மறந்திருப்பான் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். எத்தனை வருடம் ஆயிற்று! ஆனாலும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. ஓடுகிற மோட்டாரில் ஒரு இரைச்சல் கேட்டுவிட்டால் நிறுத்திப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு முழ நாடா கிழித்தார்.

"நம்ம பசங்க உன் முடிச்சைப் பாத்ததே இல்ல. போட்டுக் காட்டு."

இடக்கை மறுக்கவில்லை. கை மறக்குமா? இடது கையால் ஒரு சுழற்று, ஒரு இழுப்பு. முறுக்கு இடது பக்கம் போனது. ஆட்கள் கை தட்டினார்கள். காயில்காரர் அதை எடுத்துச் சரத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

இடக்கையின் முடிச்சில் நாடாவின் வால் மேலே வந்து நீட்டிக்கொண்டு நின்றது. சரத்திலிருந்த இருபத்து நாலிலும் வால் இல்லை. உள்ளே செருகப்பட்டிருந்தது. முதல் முடிச்சைப் பார்த்தார், கடைசி முடிச்சைப் பார்த்தார், நடுவில் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். நூறு சுற்றில் ஒரு சுற்று குறைந்தால் கண்டுபிடிக்கிற மனிதர், இத்தனை வருடமாக முறுக்கை மட்டும் பார்த்துவிட்டு வாலைப் பார்க்கவில்லை.

அவர் கண் மேஜை ஓரத்துக்குப் போனது. சாப்பாட்டு மூட்டை. வீட்டுக்காரி கட்டியது, மாமியாரிடம் பழகிய கட்டு. துணியின் வால் உள்ளே செருகியிருந்தது.

பட்டறையில் யாரும் பேசவில்லை. அவர் எண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ.

"யாரு?" என்றார் கடைசியில். வீட்டுக்காரியைப் பார்த்துக் கேட்டார்.

"அத்தை" என்றாள்.

"அம்மாவுக்கு வலது கை."

"கண்ணாடி முன்னாடி உக்காந்து பழகினாங்க. கண்ணாடியில வலது பக்கம் வர்ற மாதிரி போட்டா வெளியில இடது பக்கமா வந்துடும்னு அவங்களே கண்டுபிடிச்சாங்க. மூணு நாளாச்சு கை வர. வாலை மட்டும் செருகாம விட அவங்களுக்கு மனசு வரல."

"பணம்?"

"அவங்க ஐந்நூறு, நான் ஐந்நூறு. அவங்க ஆஸ்பத்திரி கேன்டீன்ல பாத்திரம் தேய்க்கப் போனாங்க."

"மூட்டு வலிக்கு நடக்கப் போறேன்னாங்களே."

"நடந்துதான் போனாங்க."

காயில்காரர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "நீ?"

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "காயில் சுத்தினேன்."

"யாருக்கு?"

"…எண்பது கடைக்கு."

மூலையில் நின்ற ஆள் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டான். காயில்காரருக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. கூட்டாளி கழுத்தை அறுத்தது பழைய கதை, இன்றைக்குத்தான் தெரிந்தாலும் பழைய கதை. ஆனால் இது? தன் அடுப்படியில், தான் கற்றுக் கொடுத்த கையால், எண்பதுக்கா!

"அந்த எண்பதுக்கா!"

"நான் நூறுதான் போட்டேங்க" என்றாள் அவள் அவசரமாக. "அவர் எண்பது போடச் சொன்னாரு. நான் ஒண்ணுகூடக் குறைக்கல."

"எவ்வளவு கொடுத்தாவது இழுத்துடணும்னேனே… அது நீயா?"

"கூட ரெண்டு கரண்டி போட்டேனே அன்னைக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. உள்ளே ஏதோ கருகிய வாடை அடித்தது. நம்பியவன் ஏமாற்றினான். சரி. தான் நம்பாதவர்களும் சேர்ந்தல்லவா ஏமாற்றியிருக்கிறார்கள்! யார் தயவும் இல்லாமல் வந்தேன் என்று தெருத் தெருவாகச் சொல்லித் திரிந்தவனை, பின்னாலிருந்து இரண்டு பெண்கள் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவளிடம் போய், உன்னைவிட ஒரு படி மேல என்று சொன்ன வாய் இது. அவள் முடிச்சையே காட்டி அவளிடம்.

"இத்தனை வருஷம் என்னைப் பேச விட்டு ரெண்டு பேரும் கேட்டுட்டு இருந்தீங்களே. ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தா? நான் என்ன, முட்டாப் பயலா? சம்மந்தி வீட்டுல சொன்னேன். கம்பிக் கடையில சொன்னேன். அம்மாவைத் தூக்கிட்டுப் போன அன்னைக்கும் சொன்னேன். சிரிச்சிருப்பீங்க இல்ல?"

"சிரிக்கல" என்றாள். "அன்னைக்கு நீங்க கிளம்பிடுவேன்னு சொன்னீங்க. அத்தை என்னைக் கூப்பிட்டு, 'அவனுக்கு இப்ப நாம வேணாம், அவன் சிநேகிதன்தான் வேணும், அதைக் கொடுத்துடுவோம்'னாங்க. கொடுத்ததைக் கடைசி வரைக்கும் எடுத்துடக் கூடாதுன்னு வாக்கு வாங்கிட்டாங்க. அப்புறம்…" கொஞ்சம் தயங்கினாள். "எண்ணும்போது பேசக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க."

அவர் மேஜையிலிருந்த சரத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

இடக்கை செருமினான். "மச்சான், நடந்தது நடந்துபோச்சு. பழசைக் கிளறி என்ன ஆகப்போகுது? எனக்கும் அப்ப ஒரு நெருக்கடி. இப்பவும் கொஞ்சம் கையைக் கடிக்குது. பத்திரம்கூட வேணாம். அந்த உறையில இருக்கறதையாவது…" இடது கையை நீட்டினான். உள்ளங்கை விரிந்திருந்தது.

காயில்காரர் அந்தக் கையைப் பார்த்தார். பத்து வயதில் ஒரே மூட்டையிலிருந்து எடுத்துச் சாப்பிட்ட கை. "லாரிக்காரன்கிட்ட குடுத்தனுப்பினேன்னியேடா" என்றார் மெதுவாக. "ஓடினதைக்கூட மன்னிச்சிடுவேன். எங்கம்மா பாத்திரம் தேய்ச்ச காசுக்கு உன் பேரைப் போட்டுக்கிட்டியே, இந்த நாலு நிமிஷத்துல."

பத்திரத்தை எடுத்து நாலாக மடித்தார். "இதைக் காயிலுக்கு அடியில வைக்கக்கூட ஆகாது. தாள் மெல்லிசு" என்று சொல்லிக் குப்பைத் தொட்டியில் போட்டார். பிறகு பீரோவின் கீழ்த் தட்டைத் திறந்து, பாலிதீன் பையில் மடித்து வைத்திருந்த ஒரு பழைய சட்டையை எடுத்து அவன் நீட்டிய கையில் வைத்தார். "மறந்துட்டுப் போயிட்ட. உன்னோடது இந்தப் பட்டறையில இது ஒண்ணுதான்."

இடக்கை சட்டையோடு வாசல் பக்கம் நகர்ந்தான். ஆனால் போகவில்லை. உறை இன்னும் மேஜைமேல் இருந்தது.

காயில்காரர் உறையைப் பிரித்தார். வீட்டுக்காரியின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கும் நிலைமையில் அவர் இல்லை. "கையை நீட்டு" என்றார்.

"எனக்கு எதுக்குங்க இப்ப? அது எப்பவோ…"

"நீட்டு."

வலது கையை நீட்டினாள். விரல் நுனிகளில் மயிரிழை மயிரிழையாகப் பழைய கீறல்கள். பாத்திரம் தேய்த்தால் இப்படிக் கீறாது. கம்பிதான் இப்படிக் கீறும். தொழிலாளிக்குத் தெரியாதா? அவர் கையிலும் அதே கீறல்கள்தானே. இத்தனை வருடம் அந்தக் கையால் போட்ட சாப்பாட்டைத்தான் சாப்பிட்டார்.

"ஒண்ணு" என்று முதல் தாளை வைத்தார். "ரெண்டு. மூணு."

பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை யாரோ நிறுத்தினார்கள். இருபத்து நாலு வந்ததும் ஒரு கணம் நின்றார். அம்மா பங்கு அதோடு முடிந்தது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அதே கையில் இருபத்தைந்தாவதை வைத்தார்.

முப்பத்தொன்றில் வாசலிலிருந்து, "மச்சான், ஒரு ஆயிரமாவது பஸ்ஸுக்கு…" என்று குரல் வந்தது.

காயில்காரரின் கை நின்றது. எண்ணிக்கை தவறிவிட்டது. யாரும் வாசல் பக்கம் திரும்பவில்லை. வீட்டுக்காரி தன் உள்ளங்கையிலிருந்த தாள்களை எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, வெறும் கையை மறுபடியும் விரித்தாள். அவர் தாள்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கினார். வாசலில் செருப்புச் சத்தம் இறங்கித் தெருவில் போகும்வரை காத்திருந்தார்.

"ஒண்ணு" என்றார் திரும்பவும்.

இந்த முறை யாரும் பேசவில்லை. நாற்பத்தேழு வைத்தார். எண்ணிக்கை தவறவில்லை. கடைசித் தாளை அந்தக் கீறல்களின் மேல் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

"நாற்பத்தெட்டு."